சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவள்

மார்ச் 3, திங்கள்

ஃபின்லாந்திலிருந்து ஆறு பேர் வந்துவிட்டார்கள். எல்லாருமே உயரம். ஆபரேஷன் தியேட்டர் கதவில் தலை இடிக்காது என்றாலும் குனிந்தே நுழைகிறார்கள்.

அவர்களுடைய மருத்துவமனை ஏதோ ஒரு ஏரிக்கரை ஊரில் இருக்கிறதாம். எங்களுடையது தூத்துக்குடியில், உப்பளம் தொடங்குகிற இடத்தில். இரண்டுக்கும் ஐந்து வருட ஒப்பந்தம். இதுவரை இங்கே சின்ன இதய ஆபரேஷன்கள்தான் நடந்தன. வால்வு மாற்ற வேண்டியவர்களை மதுரைக்கு அனுப்பினோம். இந்த மூன்று வாரத்தில் அதையும் இங்கேயே செய்யப் பழக வேண்டும். முதல் வாரம் அவர்கள் செய்வார்கள், நாங்கள் பார்ப்போம். அடுத்த வாரம் சேர்ந்து செய்வோம். கடைசி வாரம் நாங்கள் செய்வோம், அவர்கள் பார்ப்பார்கள்.

எங்கள் சர்ஜன் டாக்டர் பால்துரை புதுச் சட்டை போட்டிருந்தார். தியேட்டர் நர்ஸ் லூர்து சிஸ்டர் மல்லிகைப்பூ கொடுத்தார். வந்தவர்களில் ஒருத்தி அதைத் தலையில் வைப்பதா, கையில் வைப்பதா என்று தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அவள்தான் வென்லா. அங்கே அவள் பார்ப்பதும் என்னுடைய வேலைதான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். அவளும் அதிகம் பேசவில்லை. இரண்டு பேரும் பம்ப்பைத் துடைத்துக்கொண்டு நின்றோம்.

இதயத்தை நிறுத்தினால்தான் அதற்குள் தைக்க முடியும். அது நிற்கிற நேரம் முழுக்க, உடம்பின் ரத்தத்தை வெளியே வாங்கி, பிராணவாயு ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்புகிற இயந்திரத்தைப் பம்ப் என்கிறோம். அதன் முன்னால் உட்காருகிறவர்கள் செல்வின் அண்ணனும் நானும். அவர் மூத்தவர். நான் மதுரையில் படித்து முடித்து வந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

அம்மா தெருவில் சொல்கிறாள்: “எம்மவ ஆஸ்பத்திரியில மோட்டார் போடுதா.” உப்பளத்தில் கிணற்றிலிருந்து பாத்திக்கு நீர் ஏற்றும் மோட்டார்தான் அவளுக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. ஏறக்குறைய சரிதான்.

மார்ச் 4, செவ்வாய்

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆபரேஷன் தொடங்கும் முன் எல்லாரும் வட்டமாக நின்று, ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு, ‘இன்று எனக்கு என்ன கவலை’ என்றும் சொல்ல வேண்டும்.

“கத்திய வைக்கப் போற நேரத்துல கெட்டதப் பேசுவாங்களா யாராவது?” என்றார் லூர்து சிஸ்டர் தமிழில், வெள்ளைக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

எங்கள் பக்கம் எல்லாரும் “கவலை ஒன்றுமில்லை” என்றார்கள். என் முறை வந்தது. முகமூடிக்குள் உதடு அசைந்தது எனக்குத் தெரியும்.

“பேரச் சொல்லும்மா. ராணுவ ரகசியமா அது?” என்றார் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

“சண்முகக்கனி. ஒன்றுமில்லை.”

வென்லா சொன்னாள்: “நேற்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. அதனால் செல்வின் என்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.” தன் குறையை இத்தனை பேர் நடுவில் ஒருத்தி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் காது சிவந்திருந்தது. ஆனாலும் சொன்னாள்.

மார்ச் 6, வியாழன்

அம்மாவுக்கு மெட்டி இறுகிவிட்டது. சோப்பு நுரை போட்டுக் கழற்றினேன். வெயிலுக்குக் கால் வீங்கும்.

மார்ச் 7, வெள்ளி

இன்று வால்வு இல்லை, எங்கள் வழக்கமான சின்ன ஆபரேஷன் என்பதால், வென்லா பக்கத்தில் நிற்க, நான் பம்ப்பில் உட்கார்ந்தேன். குழாயில் கருஞ்சிவப்பாக வருகிற ரத்தம், மறுபக்கம் செம்பருத்தி நிறமாகப் போகிறது. இதயம் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றுவிட்டது. அந்த நேரம் தியேட்டருக்குள் வருகிற அமைதி எனக்குப் பிடிக்கும். எல்லாரும் நடுக்கடலில் ஒரு படகில் இருப்பது போல.

டீ குடிக்கும்போது வென்லா சொன்னாள், அவள் ஊர் ஏரி குளிர்காலத்தில் உறைந்துவிடுமாம். மேலே பேருந்துகூடப் போகலாமாம். ஆனால் அடியில் தண்ணீர் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். வசந்தத்தில் பனி உடையும்போது ஏரி சத்தம் போடும். சிறுவயதில் அதைக் கேட்க வாசலில் காத்திருப்பாளாம்.

“நாம் காத்திருப்பதும் அதற்குத்தானே?” என்றாள்.

ஆமாம். தையல் முடிந்து, இதயம் மறுபடி அடிக்கத் தொடங்கி, முழுச் சுமையையும் தானே எடுத்துக்கொண்ட பிறகு டாக்டர் “பம்ப் ஆஃப்” என்பார். அந்த வார்த்தை வந்தால் ஆள் பிழைத்தார். போன அக்டோபரில் ஒருமுறை அது வரவேயில்லை. அன்று மேசையில் இருந்த அம்மாவின் மகள் என் வயதுக்காரி, வராந்தாவில் பச்சைச் சுடிதாரில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். இப்போதெல்லாம் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துகொள்வதுதான் அவளுக்குப் பிடிக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

வென்லா உப்பளம் பார்க்க வேண்டும் என்றாள். காலையில் கூட்டிப்போனேன்.

பாத்திகளில் வானம் அப்படியே விழுந்து கிடந்தது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. உப்புக் குவியல்களைப் பார்த்ததும் அவள் வண்டியிலிருந்து இறங்கி நின்றுவிட்டாள். கையில் அள்ளினாள். “சுடுகிறது,” என்றாள். பனி சுடுகிற ஒரு நாட்டுக்குக் கனவில் வந்துவிட்டவள் போல இருந்தது அவள் முகம். பிறகு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

வீட்டுக்கும் வந்தாள். அப்பா உப்பு லாரியோடு கேரளா போயிருந்தார். அம்மா தெருக் கடைக்குப் போய்க் கலர் வாங்கி வந்தாள். நான்கு வீடு தள்ளித்தான் கடை.

“வாம்மா வெண்ணிலா,” என்றாள். அந்தப் பெயர் அவள் வாயில் அப்படித்தான் வருகிறது. நிலைக்கதவில் கையை ஊன்றி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கன்னம் இரண்டும் குங்குமம் தடவியது போலச் சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த வார்த்தை வந்தது. “உக்காரச் சொல்லுட்டி அவள. சேர இழுத்துப் போடு.”

வென்லா என்னைப் பார்த்தாள். நான் கலர் தம்ளரைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் குமிழி குமிழியாக மேலே வந்துகொண்டிருந்தது.

உப்பளத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தால் யாருக்கும் கன்னம் சிவக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

தவறு செய்தேன்.

பம்ப் இருப்பது சர்ஜனின் முதுகுக்குப் பின்னால். அவர் திரும்பிப் பார்க்க முடியாது. சொல்வார், நாங்கள் செய்வோம். பெரியவர்கள் ஒன்று சொன்னால் நான் தலையாட்டுவேன். வீட்டில், பள்ளியில், கல்லூரியில், எங்கும் அப்படித்தான். வாய் திறந்து அதையே திருப்பிச் சொல்வது மரியாதை இல்லை.

இன்று படுத்திருந்தவர் மணப்பாட்டிலிருந்து வந்த ஒரு மீனவர். டாக்டர் ரத்தக் குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப்பை எடுக்கப் போனார். “ஃப்ளோ டவுன்” என்றார். நான் தலையாட்டிவிட்டு ஓட்டத்தைக் குறைத்தேன். என் தலையாட்டல் அவருக்கு எங்கே தெரியும்? பதில் வரவில்லை என்று மறுபடி, “ஃப்ளோ டவுன்” என்றார். இன்னும் குறைக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுபடி தலையாட்டினேன். இன்னும் குறைத்தேன்.

ரத்த அழுத்தம் சரிந்தது. மானிட்டர் கத்தியது. செல்வின் அண்ணன் எட்டி என் கைமேல் கை வைத்து ஓட்டத்தைக் கூட்டினார். ஒரு மூச்சு நேரம்தான். மீனவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலையில் கண் விழித்து, தன் வலை எங்கே என்று கேட்டாராம்.

டாக்டர் திட்டவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “நீ அங்க இருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

அதற்கும் தலையாட்டினேன்.

வென்லா வேறு விதமாகச் சொன்னாள். அவள் ஊரிலும் யாரும் பேச மாட்டார்களாம். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்களாம். “எனக்கும் பேசப் பிடிக்காது. ஆனால் அந்த நாற்காலியில் பேசுவது நான் இல்லை, பம்ப். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல். சொன்ன பிறகு செய்.”

டாக்டரிடமும் இதைச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்தாராம்: “சொல்லட்டும், சொல்லட்டும். எங்க வீட்டுல நான் சொன்னத யாரும் ஒருதடவகூட திருப்பிச் சொன்னதில்ல.”

மார்ச் 12, புதன்

வீட்டிலேயே பழகிப் பார்த்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் சமைத்தேன்.

“புளிய ஊறப்போடு.”

“புளிய ஊறப்போடுதேன்.”

“அடுப்பத் தணிச்சு வையி.”

“அடுப்பத் தணிச்சு வைக்கேன்.”

“என்னட்டி, கிளிப்பிள்ள மாதிரி? பேய் கீய் புடிச்சிருக்கா?”

“பேய் கீய் புடிக்கல.”

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரம் எடுத்தது. பிறகு தண்ணீர்ச் செம்பை எடுக்க எழுந்தாள். இரண்டு எட்டு வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன். மூச்சு முட்டுது.”

வாய் பழகிப்போயிருந்தது. நானும் சொன்னேன்: “கொஞ்சம் உக்காந்துட்டு வார. மூச்சு முட்டுது.”

என் குரலில் கேட்ட பிறகுதான் அது காதில் விழுந்தது.

மெட்டி. மூன்று தலையணை. கன்னம். இருமல். படித்துப் பட்டம் வாங்கிய இதய வால்வுப் பாடம்தானே இது. பரீட்சையில் இதே கேள்விக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். போன வருடம் ஆடி மாதத்திலிருந்தே எனக்குத் தெரியும். தெரியும் என்பதை எனக்குத் தெரியாமல் வைத்திருந்தேன்.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

வட்டத்தில் என் முறை.

“சண்முகக்கனி,” என்றேன். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே நினைக்கவில்லை. “எனக்கு ஒரு கவலை இருக்கு. எங்க அம்மாவுக்கு மூச்சு முட்டுது. கால் வீங்குது. படுத்துத் தூங்க முடியல. ரொம்ப நாளா. நான் யாருகிட்டயும் சொல்லல.”

யாரும் சிரிக்கவில்லை. லூர்து சிஸ்டர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அம்மாவுக்கு மூச்சு முட்டுது, கால் வீங்குது, படுக்க முடியல. இன்னைக்கு மத்தியானம் கூட்டிட்டு வா. எக்கோ பாத்துருவோம்.”

என்னிடமிருந்து பதில் எதிர்பார்த்து நின்றார்.

“இன்னைக்கு மத்தியானம் கூட்டிட்டு வாரேன், சார்.”

பிறகு பம்ப்பில் உட்கார்ந்தேன். “ஃப்ளோ டவுன்” என்றார். “ஃப்ளோ டவுன்,” என்றேன். அவருடைய தோள்கள் கொஞ்சம் இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

மத்தியானம் எக்கோ அறையில் திரை இருட்டில் மின்னியது. அம்மாவின் இதயத்தை நான் பார்த்ததே இல்லை. சாம்பல் நிறக் கடல், அதற்குள் துடிக்கிற ஒரு கதவு. மற்றவர்களுக்கு அது தாராளமாகத் திறந்து மூடும். அம்மாவுடையது துருப்பிடித்த ஜன்னல் போல ஒரு விரலளவு திறந்து, சரியாக மூடவும் முடியாமல் நின்றது. அந்த இடுக்கு வழியாகத்தான் அவள் இத்தனை நாள் உப்பு அள்ளியிருக்கிறாள்.

“இது எவ்வளவு நாளாம்மா?” என்று கேட்டார் டாக்டர்.

“ரெண்டு வருசம் இருக்கும் சார். இவகிட்டச் சொல்லிராதீங்க, லீவு போட்டுருவா.”

“இவ இங்கதானம்மா நிக்கா.”

“அட, ஆமா,” என்றாள் அம்மா. இடது கைப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தவளுக்குத் திரும்பி என்னைப் பார்க்க முடியவில்லை. அதுவும் நல்லதுதான்.

மார்ச் 14, வெள்ளி

வால்வை மாற்ற வேண்டும். உலோக வால்வு. அப்பாவுக்குப் போன் செய்தேன். லாரியை ஆலப்புழையில் இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டு வருகிறார்.

டாக்டர் அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னார்: “மதுரைக்குப் போனா பழகின கை. இங்கன்னா நாங்க புதுசு. ஃபின்லாந்துக்காரங்க பக்கத்துல நிப்பாங்க, ஆனா செய்யறது நாங்கதான். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க.”

அம்மா யோசிக்கவே இல்லை. “இவ இருக்கிற எடத்துலயே பண்ணிருங்க சார்.”

“இவ அன்னைக்குப் பம்ப்புல உக்கார மாட்டா. சொந்த அம்மாவுக்கு யாரும் உக்காரக் கூடாது.”

“பரவால்ல. எடம் இவ எடந்தான?”

எனக்குப் பச்சைச் சுடிதார் ஞாபகம் வந்தது. மதுரைக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வின் அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார், என் கைமேல் கை வைத்த அதே செல்வின் அண்ணன். நான் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அம்மா வார்டில் இருக்கிறாள். நீர் இறங்க மாத்திரை கொடுக்கிறார்கள். கால் மெலிந்துவிட்டது. கஞ்சியில் உப்புக் கூடாது.

“ஊருக்கே உப்பு அள்ளிப்போட்டேன். எனக்கு ஒரு கல்லு கெடையாதாம். நல்லாருக்கு நாயம்,” என்று பக்கத்துப் படுக்கைக்காரியிடம் சொல்கிறாள். அந்த அம்மா ரகசியமாக மாங்காய் ஊறுகாய் நீட்டியிருக்கிறார். லூர்து சிஸ்டர் பிடித்துவிட்டார்.

அப்பா வந்து படுக்கைப் பக்கத்தில் நின்றார். அவர் ஒரு சாத்துக்குடியை உரித்து, சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 19, புதன்

வீடு பெருக்கினேன். அம்மாவின் இரண்டு சேலைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். தண்ணீர் பிடித்தேன்.

விடியற்காலை ஒரு கனவு. உப்பளம் முழுக்கப் பனி. பாத்திகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஏரியாக உறைந்திருக்கிறது. அம்மா தலையில் கூடையோடு அதன்மேல் நடந்து போகிறாள். செருப்பில்லை. எங்கும் நிற்கவில்லை, எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. அடியில் தண்ணீர் நகர்வது கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத் தெரிகிறது. நான் கரையிலிருந்து கூப்பிடுகிறேன், குரல் வரவில்லை. அவளோ திரும்பிப் பார்த்து, எதையோ கேட்டுவிட்டது போலத் தலையாட்டுகிறாள்.

மார்ச் 20, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

மயக்கம் கொடுக்கிற வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். பச்சைத் துணிக்குள் அம்மா சின்னப் பெண் போல இருந்தாள். விளக்குகளைப் பார்த்து, “கோயில் கொடைக்குப் போட்ட லைட்டு மாதிரில்லா இருக்கு,” என்றாள்.

எங்கள் ஆட்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஃபின்லாந்துக்காரர்கள் சுவரோரம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. தொடக் கூடாது என்பது அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட விதி. பம்ப்பில் செல்வின் அண்ணன். அவருக்குப் பின்னால் வென்லா.

வட்டம் தொடங்கியது.

“பால்துரை. எனக்குக் கவலை, வால்வச் சுத்தி சுண்ணாம்பு படிஞ்சிருக்கு, மெதுவாத்தான் எடுக்கணும்.” இந்த மூன்று வாரத்தில் அவர் தன் கவலை ஒன்றைச் சொன்னது இதுதான் முதல் முறை.

“லூர்து மேரி. கவலை, ஏசி நேத்து மாதிரி நின்னுறக் கூடாது.”

“செல்வின். கவலை, இது நம்ம கனியோட அம்மா.”

சுற்று முடிந்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் குனிந்தார். “நீங்களும் சொல்லணும்மா. பேரு, அப்புறம் உங்களுக்கு என்ன கவலைன்னு.”

அம்மா ஒவ்வொரு முகமூடியாகப் பார்த்தாள். தெருவில் அவள் கனி அம்மா, அப்பாவுக்கு ‘ஏளா’. அவள் வாயால் அவள் பெயரை நான் கேட்டதே இல்லை.

“தங்கபுஷ்பம்,” என்றாள், தெளிவாக. “கவலன்னா… இவ காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. யாராச்சும் ரெண்டு இட்லி வாங்கிக் குடுங்க. அதான்.”

“கனிக்கு ரெண்டு இட்லி,” என்றார் டாக்டர் பால்துரை.

“கனிக்கு ரெண்டு இட்லி,” என்றார் செல்வின் அண்ணன் பம்ப்பிலிருந்து.

சுவரோரத்திலிருந்து வென்லா, அர்த்தம் தெரியாமல், ஆனால் சத்தமாக: “ரெண்டு இட்லி.”

அம்மா திருப்தியாகக் கண்ணை மூடினாள். மருந்து ஏறியது. என் விரலைப் பிடித்திருந்த பிடி மெதுவாக, மிக மெதுவாக விட்டது. லூர்து சிஸ்டர் என்னைக் கதவு வரை கொண்டுவந்து விட்டார்.

வராந்தாவில் அப்பா. பக்கத்தில் நான். கேன்டீனிலிருந்து பொட்டலம் வந்தது. சாம்பார் ஊறிய இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன். இந்நேரம் கிளாம்ப் போட்டிருப்பார்கள். இந்நேரம் அம்மாவின் இதயம் நின்றிருக்கும். ஏரி உறைந்திருக்கும். அடியில் செல்வின் அண்ணன் தண்ணீரை நகர்த்திக்கொண்டிருப்பார். இரண்டாவது இட்லியை அப்பாவிடம் நீட்டினேன். “அம்மா உனக்குன்னுல்லா சொன்னா,” என்று அவர் வாங்க மறுத்தார். சாப்பிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் உப்புக் குவியல்கள் வெயிலில் மிதந்தன. தரையில் கால் படாமல் நிற்பது போல. பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பா எழுந்து போய்ப் போய் வந்தார்.

எதையோ எடுக்க ஒரு நர்ஸ் வெளியே ஓடிவந்தாள். கதவு ஆடி, மூடாமல் ஒரு கணம் நின்றது. உள்ளேயிருந்து டாக்டரின் குரல், களைத்துப்போய், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு செல்வின் அண்ணனின் குரல். யாருக்குக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டடமே கேட்கும்படி சொன்னார்.

“பம்ப் ஆஃப்!”

நான் எழுந்து நின்றேன். மடியிலிருந்த இலை கீழே விழுந்தது.

“பம்ப் ஆஃப்,” என்று நானும் சொன்னேன். வராந்தாவில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.